கேமரன் மலையில் சூடு தராத ஹீட்டர்

கோலாலம்பூர் வெயிலில் காடி (கார்) ஓட்டுகிறவர்கள் ஹீட்டர் குமிழைத் தொடுவதே இல்லை. உள்ளூர்ச் சிறிய காடிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. என்னுடையது பழைய ஜப்பான் காடி, அதில் உண்டு. வாங்கி ஆறு வருடமாகியும் அது வேலை செய்கிறதா என்று நான் பார்த்ததில்லை.

அம்மா பிறந்தது கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். போன டிசம்பரில் அவரைக் கூட்டிக்கொண்டு அதே மலையில் இன்னும் மேலே இருக்கும் தானா ராத்தாவில் தங்கினோம். விடியுமுன் ரிங்லெட் கோயிலுக்குப் புறப்பட்டபோது மழை, 16 டிகிரி. அம்மாவுக்கு வீசிங் உண்டு. ஹீட்டரை முழுக்கத் திருப்பினேன். வந்தது குளிர்காற்று. இறக்கம் முடியும்வரை அப்படியேதான். சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். அந்த அரைமணி நேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வீடு திரும்பியதும் முதலில் போன பட்டறையில், காடியைத் தொட்டுப் பார்க்காமலே சொன்னார்கள்: “ஹீட்டர் கோர் அடைத்திருக்கும். டேஷ்போர்டை முழுக்கக் கழற்ற வேண்டும், 900 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்.” ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றிவரும் சுடுதண்ணீர் அதற்குள் ஓடும், விசிறி அந்தச் சூட்டை உள்ளே தள்ளும். அடைப்பு வரலாம்தான். ஆனால் சோதிக்காமல் 900 வெள்ளியா?

செந்தூலில் ஒரு போமன் (மெக்கானிக்) அண்ணன் இருக்கிறார், என் அப்பா காலத்துப் பழக்கம். அவர் சாவியை வாங்குமுன் கேள்விதான் கேட்டார். “தம்பி, ஜாமில் நிற்கும்போது கொஞ்சமாவது சூடு வருதா?” அன்று மாலையே ஜாலான் ஈப்போ நெரிசலில் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். வந்தது! நெரிசல் விட்டு வேகம் எடுத்ததும் பழையபடி குளிர்ந்துவிட்டது.

அதைச் சொன்னதும், “அப்படின்னா கோர் இல்ல” என்றார். தண்ணீர் குறைந்திருந்தால் நேர்மாறாக நடக்குமாம்: நிற்கும்போது குளிரும், ஆக்சிலேட்டர் மிதித்தால் சூடு வரும். இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார், தண்ணீர் விளிம்புவரை இருந்தது. (சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்.) பிறகு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொடச் சொன்னார். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் கோரில் அடைப்பு. எனக்கு இரண்டும் வெதுவெதுப்பு. ஸ்கேனரை மாட்டியதில் தண்ணீரின் சூடு 64 டிகிரி. 90-ஐ ஒட்டி இருக்க வேண்டியது.

தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வருடம் முன்பு காடி ஓவர்ஹீட் ஆகி, வேறொரு பட்டறையில் விட்டிருந்தேன். “இந்த ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்” என்று அங்கே பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது இங்கே பரவலாக நடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாது. கதவே இல்லையென்றால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டருக்கு ஓடி, காடி போகும் வேகத்தில் காற்றுப்பட்டு ஆறிக்கொண்டே இருக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும். இரண்டு வருடமாகக் காடி பெட்ரோலை ஏன் அதிகம் குடிக்கிறது என்று நான் குழம்பியதற்கும் விடை அங்கேதான் இருந்தது.

புதிய தெர்மோஸ்டாட் 55 வெள்ளி. மாட்டுமுன் சட்டியில் தண்ணீரை அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரோடு அதை உள்ளே தொங்கவிட்டு மெல்லச் சூடேற்றினார். அதன்மேல் 82 என்று அச்சிட்டிருந்தது. 82-ஐத் தாண்டியதும் வால்வு மெல்ல வாய் திறந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு ஓவர்ஹீட் ஆன காரணம் தெரியாமல் இதை மாட்டக்கூடாது என்று ரேடியேட்டர் விசிறியையும் சோதித்தார். அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே விட்டுவிட்டு வேலை செய்தது, அதையும் மாற்றினோம். பழுப்பேறிக் கிடந்த பைப்புத் தண்ணீரை வடித்துக் கழுவி, கூலண்ட் ஊற்றினார். ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். இந்தக் கடைசி வேலையை அவசரப்பட்டு விட்டால் காற்று சிக்கிக்கொண்டு மறுபடி குளிர்காற்றுதான் வரும். கூலியோடு மொத்தம் 210 வெள்ளி.

பொங்கலுக்கு மறுநாள் மீண்டும் தாப்பா வழியாக ஏறினோம். தானா ராத்தாவிலிருந்து அதே இருட்டில் அதே இறக்கம், தூறலும் இருந்தது. இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் நடுவில் நின்றது. முன்கண்ணாடியில் படிந்த ஆவி இரண்டு நிமிடத்தில் விலகியது. அம்மா காற்று வரும் இடத்தில் இரு கைகளையும் நீட்டி, அந்தக் காலத்து லயத்தில் விடியற்காலை விறகடுப்புமுன் எல்லோரும் வரிசையாகக் குந்தியிருந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.