குடியாத்தம் லுங்கியில் ஒரு பின்னல் பை

வேலூரில் உட்கார்ந்து உல்லன் நூல் பின்னுகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள், வெயிலூர் என்று நாமே பெயர் வைத்த ஊர் ஆயிற்றே. ஆனால் பிறந்த குழந்தைக்குக் குல்லாய் எந்த ஊரிலும் வேண்டும், மார்கழியில் ஏலகிரி ஏறிப் பார்த்தவர்களுக்கு ஸ்வெட்டர் எதற்கென்று சொல்லவும் தேவையில்லை. அது இருக்கட்டும். பின்னல் சாமானைப் போட்டுவைக்க நானே தைத்த பையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வீடுகளில் ஊசி, நூல் எல்லாம் ஜவுளிக்கடை கட்டைப்பையில்தான் கிடக்கும். காய்கறிக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அதற்கு வாய் மூடாது, பஸ் பாகாயத்தில் ஒரு பிரேக் போட்டால் நூல்கண்டு டிரைவர் காலடிக்குப் போய்விடும். ஜிப் வைத்த பையும் எனக்கு ஆகாது, ஜிப் பல்லில் இழை மாட்டினால் பிசிறாமல் எடுக்கவே முடியாது, வெல்க்ரோ அதைவிட மோசம், உல்லனைப் பார்த்தாலே கவ்விக்கொள்ளும். பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைதான் சரி. நாடாவை முழுக்க இறுக்காமல் நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவு விட்டால் நூல் அது வழியாக வந்துகொண்டே இருக்கும், கண்டு உள்ளேயே உருளும்.

வெளித்துணிக்குக் குடியாத்தம் கைத்தறி லுங்கி. விலை கட்டுப்படி, நெசவு நெருக்கம், கட்டம் போட்டிருப்பதால் ஸ்கேலே இல்லாமல் நேராக வெட்டலாம். ஆனால் முதலில் நனைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, காயவைத்து அயர்ன் பண்ணியே ஆகவேண்டும். சுருங்குவது ஒரு பக்கம், சிவப்புக் கட்டம் சாயம் விட்டால் வெள்ளைக் குல்லாயின் கதி என்ன ஆகும்?

36 செ.மீ. அகலம், 42 செ.மீ. உயரத்தில் வெளித்துணி இரண்டு, உள்துணி இரண்டு. உள்துணி வெளிர் நிறமாக இருக்கட்டும், கறுப்பில் ஊசி விழுந்தால் தடவித்தான் தேடவேண்டும். பையின் உள்ளே தையல் பிசிறு தெரியக்கூடாது, அதில்தான் நூல் மாட்டும், அதனால்தான் உள்துணியே. பக்கமும் அடியும் தைத்தபின் கீழ் மூலையை முக்கோணமாக மடித்து, நுனியிலிருந்து உள்ளே தள்ளி, தையல் 10 செ.மீ. நீளம் வருகிற இடத்தில் குறுக்கே ஓட்டி, மிச்ச முனையை வெட்டிவிட்டால் பை தானாக நிற்கும். இந்த ஒரு தையலைத்தான் பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள், அப்புறம் பை சாய்கிறது என்று புலம்பல்.

என் பைக்கு அடியில் மட்டும் தோல். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் ஊராக இருக்க, ரெக்சின் போட மனசு வரவில்லை. மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு என்றால் வீட்டு மிதி மெஷினே தாங்கும். 16ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது, நெருக்கமாகக் குத்தினால் அந்த ஓட்டை வரிசையிலேயே தோல் கிழிந்துவிடும். குண்டூசி கூடவே கூடாது. துணியில் குத்திய ஓட்டை மூடிக்கொள்ளும், தோலில் அது சாகிறவரை இருக்கும், துணி காயப்போடும் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷின் பாதம் தோலில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடலாம். தோலைப் பை மூட்டுவதற்கு முன்பே, துணி விரித்த நிலையில் இருக்கும்போதே தைத்துவிட வேண்டும்.

நாடாவுக்குப் பாவாடை நாடாவே போதும். இரண்டு நாடா, வாய் ஓரத்தை மடித்துத் தைத்த குழாய் மாதிரி இடைவெளியில் ஒன்று இடப்பக்கம் நுழைந்து சுற்றி இடப்பக்கமே வெளிவரும், மற்றது வலப்பக்கம், இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் சுருங்கும். கோப்பதற்கு ஊக்கு இருக்கவே இருக்கிறது. உள்ளே கத்தரிக்கோலுக்கும் அளவு டேப்புக்கும் ஒரு பாக்கெட்.

என்னுடைய பின்னல் ஊசி நடுவில் ஒயர் வைத்தது, வளைத்துப் போட்டுவிடலாம், அதனால் இந்த உயரம் போதும். அக்கா தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறாள், அவளுடையதோ 35 செ.மீ. நேர் ஊசி, துணியை 50 செ.மீ.க்கு வெட்டினால்தான் நுனி வெளியே நீட்டாது. லுங்கி இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது, அதிலேயே ஆகிவிடும்.