எல்நாட் முதல் ஆக்ஸ்போர்டு நேர்முகம் வரை

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், யூசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) போன்ற பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இளநிலைச் சட்டம் படிக்க எல்நாட் (LNAT) என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். சட்ட அறிவு எதையும் அதில் கேட்பதில்லை. ஆனாலும் சட்டப் புத்தகங்களோடு மல்லுக்கட்டி நேரத்தைக் கரைப்பவர்கள் நிறைய. பழக வேண்டியது வாசிப்பைத்தான்.

முதல் பகுதியில் 12 பத்திகள், 42 கேள்விகள், 95 நிமிடம். ஒரு பத்திக்கு எட்டு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள் என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள். பலரும் சறுக்குவது, வெளியுலகில் உண்மையாக இருந்தும் பத்தியில் இல்லாத விடையில்தான். ‘கைதி சிறையில் இருக்கும்வரை வெளியே குற்றம் செய்ய முடியாது, ஆகவே நீண்ட தண்டனை குற்றங்களைக் குறைக்கும்’ என்கிறது ஒரு பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் சொல்லாமல் எடுத்துக்கொண்ட அனுமானம் எது? ‘நீண்ட தண்டனை மற்றவர்களைப் பயமுறுத்தும்’ என்ற விடை கண்ணை இழுக்கும். ஆனால் பயத்தைப் பற்றிப் பத்தியில் பேச்சே இல்லை. ‘வெளியே இருந்தால் அவர் மறுபடி குற்றம் செய்திருப்பார்’ என்பதே சரி. அதை எடுத்துவிட்டால் வாதம் நிற்காது. ஒவ்வொரு விடையையும் இப்படி உருவிப் பாருங்கள்.

இரண்டாம் பகுதி கட்டுரை. அதற்கு 40 நிமிடம், மூன்று தலைப்பில் ஒன்று. உச்சவரம்பு 750 சொற்கள் என்றாலும் 500, 600 போதும். முதல் பத்து நிமிடம் திட்டமிடுவதற்கே. எதிர்த்தரப்பின் பலமான வாதம் எந்தத் தலைப்புக்கு உங்களுக்குச் சட்டென்று தோன்றுகிறதோ அதை எடுங்கள். கட்டுரைக்கு எல்நாட் மதிப்பெண் தருவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு அப்படியே அனுப்பிவிடும். ஒரு சேர்க்கை ஆண்டில் ஒரே முறைதான் எழுத முடியும். அதனால் எல்நாட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுகளைக் கடிகாரம் வைத்து, திரையிலேயே முடித்துவிட்டுத் தேர்வுக்குத் தேதி எடுப்பது நல்லது.

ஆக்ஸ்போர்டு நேர்முகம் டிசம்பரில். ஒரு விதியைக் கொடுத்து, சூழலை மாற்றி மாற்றிக் கேட்பார்கள். ‘பூங்காவில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்பது சட்டத் தத்துவ அறிஞர் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் 1958இல் எழுதிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பயிற்சிக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. கார் கூடாது, சரி. சைக்கிள்? ஆம்புலன்ஸ்? போர் நினைவாகப் பீடத்தில் நிறுத்திய ராணுவ லாரி? (கடைசிக் கேள்வி, ஹார்ட்டை மறுத்து லான் ஃபுல்லர் என்ற இன்னொரு சட்டத் தத்துவ அறிஞர் போட்டது.) விதி இரைச்சலைத் தடுக்கவா, விபத்தைத் தடுக்கவா என்று நோக்கத்தை முதலில் சொல்லிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பிடி கிடைக்கும். புதிய சூழலில் உங்கள் நிலைப்பாடு உடைந்தால், எங்கே உடைந்தது என்று சொல்லித் திருத்துங்கள். முதலில் சொன்னதையே கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதும், கேள்வி கேட்பவரின் புருவம் உயர்ந்ததுமே கட்சி மாறுவதும் ஒரே அளவு கெடுதல். வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் ‘ஏன்?’ என்று மட்டும் கேட்கச் சொல்லி வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.