ஆச்சி எங்கே பார்க்கிறாள்

பிப்ரவரி 9

உப்பளத்தில் எங்கள் படத்தை எடுக்கக் கணக்கப்பிள்ளை சரி என்று சொல்லிவிட்டார். முதலாளியிடம் அவரே பேசிக்கொள்வாராம். ஒரே ஒரு நிபந்தனை: வேலை செய்கிறவர்களை நிற்க வைத்துப் படம் எடுக்கக் கூடாது. ஒருத்தர் நின்றால் பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டும், அதற்குள் வெயில் ஏறிவிடும். நிறுத்தவே மாட்டோம் அண்ணாச்சி என்று என்னோடு படம் எடுக்கும் செ.யும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

படம் 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கொடுக்க ஏப்ரல் 11 கடைசி நாள்.

ஆச்சியின் கண்புரை ஆபரேஷனுக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை.

பிப்ரவரி 12

தூத்துக்குடி பக்கம் முள்ளக்காடு உப்பளம். நாலரை மணிக்கெல்லாம் போய்விட்டோம். எங்களுக்கு முன்பே டார்ச் வெளிச்சங்கள் பாத்திகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தன.

என் ஸ்கிரிப்டில் முதல் காட்சி உப்பு மலை, அதன் பின்னால் சூரியன். இங்கே வந்து பார்த்தால் சேறு. பிப்ரவரியில் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். தரை இறுகினால்தான் பிறகு உப்பில் மண் ஏறாது. போன வருஷத்து உப்பு அம்பாரம் ஒன்று மட்டும் ஓலை மூடி ஓரமாகக் கிடந்தது. வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் இருக்கிறேன். உப்புக்கு முன்னால் சேறு உண்டு என்று தெரிந்துகொள்ளாமலே ஏழு பக்கம் எழுதியிருக்கிறேன்.

கணக்கப்பிள்ளை தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டினார். கடல்தண்ணீர் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்ற வற்ற ஏறி, 25 தொட்டால்தான் உப்பு இறங்கும். "அது வார நேரத்துலதான் வரும்மா. நீ அவசரப்பட்டா வந்திருமா?"

பிப்ரவரி 16

வீட்டில் ஆச்சியை உட்கார வைத்து எடுத்தது முழுவதும் வீண். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கக் கருப்புப் பட்டை பட்டையாக ஓடுகிறது. கேமரா 30 ஃபிரேம், ஷட்டர் 1/60-இல் இருந்திருக்கிறது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுங்குகிறது. 25 ஃபிரேம், 1/50 வைத்ததும் பட்டை போய்விட்டது. மூன்றாம் செமஸ்டரில் இதே கேள்விக்குப் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 17

அம்மா: "எங்கம்மா உப்பளத்துல வேலை பாத்தாங்கன்னு காலேஜ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டணுமா?"

பதில் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க அதுதான்.

பிப்ரவரி 20

இதை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

ஆச்சி இன்று பேசினாள். நான் கேட்காமல், தானாக. அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செ. கேமராவை ஸ்டாண்டில் போட்டாள். நான் ரெக்கார்டரை அரிசிப் பானை மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மத்தியானம் ஆச்சிக்கு உப்பு எது, தண்ணி எது என்று தெரியாமல் போயிற்றாம். எல்லாம் ஒரே வெள்ளை. வெயிலென்று நினைத்திருக்கிறாள். மறுநாளும் அப்படியே. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். அப்புறம் இரண்டு வருஷம் காதால் வேலை பார்த்திருக்கிறாள். பலகையை இழுக்கும்போது உப்பில் போனால் ஒரு சத்தம், தரை மண்ணில் பட்டால் வேறு சத்தமாம். மண் சேர்ந்தால் கூலியில் பிடிப்பார்கள். அந்தச் சத்தத்தை வைத்தே உப்பை மட்டும் வாரிக் கரையேற்றியிருக்கிறாள். அந்த இரண்டு சத்தத்தையும் வாயால் செய்துகாட்டினாள். பதினாறு நிமிடம் பேசினாள்.

ரெக்கார்டர் ஓடவே இல்லை. சிவப்பு பட்டனை ஒரு தடவை அழுத்தினால் விளக்கு மினுங்கும், தயாராக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது தடவை அழுத்தினால்தான் பதிவாகும். நான் விளக்கைப் பார்த்தேன், எண் ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. கேமராவின் மைக்கில் ஃபேன் சத்தம் மட்டும் இருக்கிறது. அதற்கு அடியில் எங்கேயோ ஆச்சி இருக்கிறாள்.

செ. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 21

இன்னொரு தடவை சொல்லேன் ஆச்சி என்று கேட்டேன். "சொன்னதுதானட்டி. இனிமே சொன்னா உனக்காகச் சொன்ன மாதிரி இருக்கும்."

பிப்ரவரி 22

ஃபேனை அணைத்திருக்கலாம்.

பிப்ரவரி 27

ஆஸ்பத்திரியில் ஆச்சிக்குச் சர்க்கரை 240. குறைந்தால்தான் கண்ணில் கை வைப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது ஆச்சி என் கையைத் தடவிக்கொண்டே வந்தாள். ஆறுதல் சொல்லவேண்டிய ஆள் நான்.

மார்ச் 6

உப்பு இறங்கிவிட்டது.

பகல் பதினொரு மணிக்கு அங்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. கேமராவுக்கும் அதே கதி. பாத்தி முழுக்க வெள்ளை என்றால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கிறது, வேலை செய்கிறவர்களின் முகம் கரியாகிவிடுகிறது. முகத்துக்கு ஏற்றினால் உப்பு பொரிந்துபோய் ஒன்றுமே இல்லாத வெள்ளை. எங்களிடம் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் கிடையாது. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்று வைத்தால் லென்ஸ் துவாரத்தை எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கிறது. அவ்வளவு மூடினால் சென்சாரில் இருக்கும் தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளியாக விழுகிறது.

சின்ன வயதிலிருந்து ஏழு மணி நேரம், வருஷத்தில் எட்டு மாதம், கண்ணுக்கு ஒன்றும் போடாமல் இந்த வெள்ளையைப் பார்த்தவள் ஆச்சி. கேமராவுக்கு மட்டும் ஃபில்டர் தேடுகிறேன்.

நாளை முதல் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

மார்ச் 7

காற்று. மைக்கில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாவின் பழைய கரடி பொம்மையிலிருந்து ரோமத் துணியை வெட்டி உறை தைத்தேன். பாப்பாவிடம் கேட்டுத்தான் வாங்கினேன்.

கொண்டல் காற்று எழும்பினால் அளத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது, விடியுமுன் போ என்றாள் ஆச்சி. சத்தத்தைப் பற்றி அவளிடம் கேட்டால் உடனே சொல்கிறாள். தன்னைப் பற்றிக் கேட்டால்தான் வெங்காயத்தைப் பார்க்கிறாள்.

மார்ச் 11

மழை. மாசியில்.

மார்ச் 12

இன்னும் மழை.

கணக்கப்பிள்ளைக்கு போன் செய்தேன், ஷூட்டிங் எப்போது என்று கேட்க. அவர் குரலைக் கேட்டதும் அதைக் கேட்காமல் வைத்துவிட்டேன். 25-க்கு ஏறிய தண்ணீர் எல்லாம் இறங்கிவிட்டது. இறங்கியிருந்த உப்பும் கரைந்துவிட்டது. எனக்கு ஒரு வாரம் தாமதம். அவர்களுக்குக் கூலி.

மார்ச் 19

பலகைச் சத்தம் கிடைத்தது! நாலு நிமிடம் பதினொரு நொடி. விடியுமுன், காற்று இல்லை, தூரத்தில் பம்புசெட் மட்டும். இரண்டு தடவை அழுத்தினேன், எண் ஓடுவதைப் பார்த்தேன், அதற்கப்புறம்தான் மூச்சுவிட்டேன்.

யாரையும் நிறுத்தவில்லை. வாரிக்கொண்டு போன அக்காவின் பின்னாலேயே வரப்பில் நடந்தேன். கடைசியில் அவர் தானாகவே நின்று, "போதுமா?" என்றார். போதும் என்றேன். இன்னும் ஒரு நிமிடம் வெறும் அளத்தின் சத்தத்தை மட்டும் பிடித்தேன். எங்கே வெட்டினாலும் அடியில் போட அது வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது.

மார்ச் 23

வலது கண் முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் வெளியே உட்கார்ந்திருந்தது மட்டும் ஒரு நாள் போல இருந்தது. கேமராவை எடுத்துப் போகவில்லை. செ. கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை.

மார்ச் 24

கட்டைப் பிரித்தார்கள். ஆச்சி முதலில் சுவரைப் பார்த்தாள்.

"இது என்ன நீலச் சுண்ணாம்பா?"

வெள்ளைச் சுவர்தான். புரை விழுந்த லென்ஸ் பழுத்து மஞ்சளாகிப் போயிருக்கும், இத்தனை வருஷம் அதன் வழியாகவே பார்த்திருக்கிறாள், அது போனதும் நீலம் தூக்கலாகத் தெரியும் என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். ஆச்சி இடது கண்ணை மூடினாள், திறந்தாள், வலது கண்ணை மூடினாள். "இந்தக் கண்ணுல பழுப்பு, இந்தக் கண்ணுல நீலம்." நாலைந்து தடவை செய்து பார்த்தாள், சிறுபிள்ளை மாதிரி.

நான் இரண்டு நாளாக வொயிட் பேலன்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். விடியற்காலை உப்பு நீலமாக விழுந்திருக்கிறது, அதை எப்படி வெள்ளையாக்குவது என்று. யாருடைய வெள்ளை?

மார்ச் 29

எடிட்டிங் செய்ய டாவின்சியில் எல்லாவற்றையும் போட்டாகிவிட்டது. செ.யின் லேப்டாப் திணறுகிறது, சின்ன அளவு நகலாக ப்ராக்ஸி செய்த பிறகுதான் ஓடுகிறது. முதல் வெட்டு 23 நிமிடம்.

சூரிய உதயத்தை வெட்டிவிட்டேன். ஐந்து நாள் விடியற்காலை எழுந்து எடுத்தது. அது படத்தில் யாருக்கும் எதுவும் செய்யவில்லை, அழகாக இருந்தது, அவ்வளவுதான். வெட்டிய பிறகு அந்த இடம் மூச்சுவிடுகிறது.

ஆனால் இன்னொன்று. ஆச்சி எதையோ உற்றுப் பார்க்கும் ஷாட் ஒன்று இருக்கிறது, ஒன்பது நொடி. அதைப் பாத்திக்குப் பின்னால் வைத்தோம். செ. அழுதே விட்டாள். வேலை பார்த்த அளத்தைப் பல வருஷம் கழித்துப் பார்க்கிற கிழவி, அந்த முகத்தில் எல்லாமே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஆச்சி பார்த்தது அடுப்பை. பால் பொங்குகிறதா என்று பார்த்தாள்.

குலெஷோவ் சோதனையை வகுப்பில் படித்திருக்கிறோம். ரஷ்யாவில், நூறு வருஷத்துக்கு முன்னால். நடிகரின் முகம் ஒன்றுதான். ஒரு தடவை சூப் கிண்ணம், ஒரு தடவை சவப்பெட்டியில் குழந்தை, ஒரு தடவை சாய்ந்து படுத்திருக்கும் பெண். பார்த்தவர்கள் பசி என்றார்கள், துக்கம் என்றார்கள், ஆசை என்றார்கள். அதைப் படித்தபோது வியப்பாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. அவர் நடிகர், முகத்தைக் கொடுப்பது அவர் தொழில். ஆச்சி எனக்கு அப்படி எதையும் கொடுக்கவில்லை. அவள் உணராத ஒன்றை அவள் கண்ணுக்குள் நான் வைக்கிறேன். அதுவும் புரை விழுந்த கண்.

ஆனால் அவளுக்கு அந்தத் துக்கம் இல்லவே இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்திருக்கலாம், அன்று பாலைப் பார்த்தபோது இல்லை, வேறொரு நாள். செ. சொல்வது இதைத்தான். இரண்டு மணி வரை பேசினோம். முடிவில்லை.

மார்ச் 31

அந்த ஒன்பது நொடியை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். இப்போது பாலும் தெரியவில்லை, அளமும் தெரியவில்லை.

ஏப்ரல் 3

ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் பார்த்தாள். அம்மா வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே வரவில்லை.

தன்னைப் பார்த்து ஆச்சி முதலில் சொன்னது: "இவ்வளவு கிழவியாயிட்டனா?" பல வருஷமாக அவள் முகத்தை அவளே சரியாகப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த ஷாட் வந்தது. "இதுல நான் எங்க பாக்கேன்?"

உப்பளத்தைப் பார்க்கிற மாதிரி ஆச்சி என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்ததே இல்லயட்டி. பஸ்ஸுல போனாக்கூட இந்தப் பக்கம்தான் உக்காருவேன்."

அந்த ஷாட்டை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது பள்ளம். செ. கோபமாக இருக்கிறாள். அவள் எடுத்ததிலேயே நல்ல ஷாட் அது, கோபம் நியாயம்தான். அதற்குப் பதிலாக வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 4

சொட்டு மருந்து விட்டுவிட்டுப் படுக்க வைத்தேன். ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். சும்மா இருக்கிறாளே என்று ஹெட்போனை மாட்டி, 19-ஆம் தேதிச் சத்தத்தைப் போட்டேன்.

உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று குனிந்தேன்.

"உப்பு... உப்பு... உப்பு... மண்ணு. உப்பு. மண்ணு, மண்ணு. யாருட்டி இவ, இப்படி இழுக்கா? பலகைய ரொம்பச் சாய்க்கா."

எழுந்து ஃபேனை அணைத்தேன். ரெக்கார்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை அழுத்தினேன். எண் ஓடியது. பதிவு பண்ணட்டுமா ஆச்சி என்று கேட்டேன். முன்பெல்லாம் இதைக் கேட்டதில்லை. "பண்ணு. முதல்ல இருந்து போடு."

நாலு நிமிடம் பதினொரு நொடியும் சொன்னாள். பக்கத்திலேயே நானும் ஒரு காதில் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் எனக்கு ஒரு இடத்தில் மண் கேட்டது, அவள் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால்.

ஏப்ரல் 6

பள்ளத்தில் படமே வேண்டாம் என்று முடிவு. விடியுமுன் அளத்தில் எடுத்த இருட்டு, டார்ச் ஒன்று மட்டும் அசைகிறது. பலகைச் சத்தம். மேலே ஆச்சி குரல். செ. மூன்று தடவை கேட்டாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலை எட்டு ஃபிரேம் முன்னால் தள்ளினாள்.

உப்பின் நீலத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

ஃபேனுக்கு அடியில் இருக்கும் அந்தப் பதினாறு நிமிடத்தையும் அழிக்கவில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9

11 நிமிடம் 20 நொடி. ரெண்டர் 63 சதவீதத்தில் நிற்கிறது. இடது கண்ணுக்கு 28-ஆம் தேதி சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா இப்போதுதான் வந்து, பெயர் போடும் இடத்தில் ஆச்சியின் முழுப் பெயரையும் போட்டிருக்கிறாயா என்று