இரவைத் திருப்பித் தருவது

சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உளவியல் ஆலோசகராக இருக்கும் நான், பயிற்சியில் கற்ற முறைகளுக்கு அடுத்தபடியாக அதிகம் நாடுவது கி.மு. 4ஆம் நூற்றாண்டின் சீன அறிஞர் மென்சியஸை. சீ நாட்டின் தலைநகரை ஒட்டியிருந்த எருதுமலையைப் பற்றி அவர் சொன்னது என் வேலையின் போக்கையே மாற்றியது. ஒரு காலத்தில் அழகிய மரங்கள் நிறைந்திருந்த அந்த மலையில், பெருநகரம் பக்கத்தில் இருந்ததால் கோடரிகள் ஏறின. வெட்டிய பிறகும் இரவின் ஓய்விலும் மழையிலும் பனியிலும் துளிர் விட்டுக்கொண்டேதான் இருந்தது. விடிந்ததும் ஆடுமாடுகள் வந்து அதையும் மேய்ந்துவிட்டன. மொட்டை மலையைப் பார்த்தவர்கள் இங்கே மரமே இருந்ததில்லை என்று நினைத்தார்கள். அதுவா மலையின் இயல்பு என்று கேட்கிறார் மென்சியஸ். மனித மனத்தின் நல்லியல்பும் இரவில் சிறிது மீள்கிறது, பகலின் அலைக்கழிப்பு அதை அழிக்கிறது, இரவில் மீள்வதும் போதாமல் போகும்போது அந்த மனிதனிடம் நல்லியல்பே இருந்ததில்லை என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். ஒரு பக்கம் பச்சையாக நிற்கும் சேர்வராயன் மலையையும், மறுபக்கம் மேக்னசைட் என்ற கனிமத்தை வெட்டி வெளுத்துப்போன குன்றுகளையும் பார்த்தே வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

அம்மாபேட்டையில் தறி நெய்யும் ஒருவர், வெளியூர் விடுதிப் பள்ளியில் 11ஆம் வகுப்பு படிக்கும் மகளை அழைத்து வந்தார். "பத்தாவது வரைக்கும் தங்கமான புள்ளைங்க மேடம். இப்ப எதைச் சொன்னாலும் எரிஞ்சு விழுது. சுபாவமே மாறிப்போச்சு" என்றார். அந்தப் பெண்ணின் நோட்டு அட்டைக்குள் விடுதியின் கால அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது. காலை 4.30க்கு எழுவதில் தொடங்கி இரவு 10.45க்கு விளக்கணைப்பதில் அது முடிந்தது. மதிய உணவுக்கான கட்டத்துக்குள்ளேயே "சூத்திரம் ஒப்பித்தல்" என்று யாரோ பேனாவால் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் வாரத் தேர்வு. இதில் துளிர் விடுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? மதிப்பெண்ணைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. காலாண்டு விடுமுறை முழுவதும் அவள் தூங்கட்டும், புத்தகத்தை யாரும் எடுத்து நீட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தந்தை அரை மனத்தோடுதான் சம்மதித்தார். சில நாட்களுக்குப் பிறகு அவளாகவே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தறிக்கான நூலைத் தார் சுற்றத் தொடங்கினாள். அதற்குப் பிறகு வேதியியல் புத்தகத்தையும் அவளாகவேதான் எடுத்தாள். ஆர்வம் என்று நான் எதையும் அவளுக்குள் நட்டுவைக்கவில்லை.

நாற்று சீக்கிரம் வளரட்டும் என்று ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்டு, களைத்துப்போய் வீடு திரும்பிய சுங் நாட்டு உழவனின் கதையும் மென்சியஸ் சொன்னதுதான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது வயல் வாடிக் கிடந்தது. 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் 12ஆம் வகுப்புப் பாடத்தையே நடத்திய பள்ளிகள் நம் பக்கத்தில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் களையே எடுக்காமல் நாற்றை அப்படியே விட்டுவிடுபவர்களையும் மென்சியஸ் அதே இடத்தில் கண்டிக்கிறார். பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லும் ஆலோசகர்களோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான்.

மென்சியஸுக்குப் பின் வந்த சீன அறிஞர் சுன்சி, மனித இயல்பு கெட்டது என்றும், வளைந்த மரத்தை ஆவியில் காட்டி அச்சில் பொருத்தினால்தான் நிமிரும் என்றும் எழுதினார். விடுதிப் பள்ளிகள் அவரைப் படிக்காமலேயே அவர் வழியில் நடக்கின்றன. ஆயினும் இரவு 2 மணி வரை கைப்பேசியில் விளையாடும் பையன் வந்தால், அட்டவணையும் கண்டிப்பும்தான் முதலில் வேண்டும் என்று நானும் சுன்சி பக்கம் சாய்கிறேன். கேள்விப்பட்ட நல்லதை உடனே செய்துவிடலாமா என்ற ஒரே கேள்விக்கு, துடுக்கான சீடனிடம் பெரியவர்களைக் கேள் என்றும், தயங்கும் சீடனிடம் உடனே செய் என்றும் இவர்களுக்கு முன்னோடியான கன்ஃபூசியஸ் சொன்னாரே, அதைவிட நல்ல ஆலோசனைப் பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு வகுப்பையே மண்டபத்தில் உட்காரவைத்து ஒரே ஊக்க உரையைக் கேட்கச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததும் இதனால்தான்.

தத்துவம் மட்டும் பிள்ளைகளைக் காப்பாற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நாற்றை இழுக்காதே என்று சொன்ன மென்சியஸின் நூலே, சீனாவில் 1313ஆம் ஆண்டின் அரசாணைக்குப் பிறகு, அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கான பாடமாகி, 1905இல் அந்தத் தேர்வு ஒழியும் வரை தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்டது.

பெற்றோரிடம் நான் அதிகம் எடுத்துச் சொல்வது அவருடைய இன்னொரு கருத்தை. தந்தை தன் மகனுக்குத் தானே கற்பிக்கக் கூடாது என்கிறார் மென்சியஸ். சொன்னதைப் பிள்ளை செய்யாதபோது தந்தைக்குக் கோபம் வருகிறது, நீங்கள் மட்டும் அப்படியா நடக்கிறீர்கள் என்று பிள்ளை நினைக்கிறான், உறவு முறிகிறது. அதனால் முன்னோர்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு கற்பித்தார்கள் என்கிறார். நம் வீடுகளில் அதற்குத் தாய்மாமன் இருக்கிறார். மதிப்பெண் கேட்கும் பொறுப்பை முழுவதும் மாமனிடம் ஒப்படைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போன் செய்யும்போது வீட்டு விஷயம் மட்டும் பேசுங்கள் என்று அந்த நெசவாளரிடமும் சொன்னேன். தாய்மார்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். தந்தையருக்கு வேறு என்ன பேசுவதென்றே முதலில் தெரிவதில்லை. பொருத்தமான மாமன் இல்லாத வீடுகளுக்காக வகுப்பாசிரியர்களைக் கேட்டுப் பார்க்கிறேன், பெரும்பாலும் அவர்கள் மறுப்பதில்லை.