மதிப்பெண் பட்டியலைப் பகிர்வதற்கு முன்

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த அன்று மாலை, என் அக்கா தன் மகளின் மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். ஐந்நூற்றுக்கு 462. இரவெல்லாம் கண்விழித்துப் படித்த பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் சொல்லி மகிழ அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. நான்காம் நாள் ஒருவர் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, கல்வித் துறையிலிருந்து பேசுவதாகக் கூறி, மகளின் பெயர், பள்ளி, பிறந்த தேதி, கணக்குப் பாடத்தில் வாங்கிய 97 வரை பிசகாமல் ஒப்பித்தார். உதவித்தொகை வந்திருப்பதாகவும், தான் அனுப்பும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை (PIN) அழுத்தினால் பணம் கணக்கில் சேரும் என்றும் சொன்னார்.

நல்ல வேளையாக அக்கா முதலில் என்னை அழைத்தார். யூபிஐ முறையில் பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை என்று நான் விளக்கியபோது அவர் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. "எல்லாமே கரெக்டா சொல்றாங்களேடா, ஆபீஸ்ல இருந்து பேசலைன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நம் விவரங்களைத் தெரிந்துவைத்திருப்பவர் நம்மவராகத்தான் இருப்பார் என்ற அந்த நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர்கள் முதலாக வைத்துப் பிழைக்கிறார்கள். விவரங்கள் எப்படிப் போயின என்று அன்றிரவே உட்கார்ந்து தேடினோம். ஸ்டேட்டஸில் இருந்த படத்தைச் சித்தப்பா ஒருவர் பெருமையோடு எடுத்து, யாரும் பார்க்கும்படி முகநூலில் பதிவிட்டு, அக்காவின் பெயரையும் டேக் செய்திருந்தார். அந்தப் பெயரைத் தொட்டால் அக்காவின் தையல் கடைப் பக்கம் வரும். அதில் வாடிக்கையாளர்களுக்காக அவர் கொடுத்திருந்த கைப்பேசி எண் இருந்தது. யாரும் எதையும் திருட வேண்டியிருக்கவில்லை. அன்பினால் போட்ட ஒரு படத்தையும் பிழைப்புக்காகக் கொடுத்த ஓர் எண்ணையும் யாரோ ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

மதிப்பெண் பட்டியலில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றன என்பதையும், அவ்விரண்டையும் கொண்டுதான் இணையத்தில் தேர்வு முடிவையே பார்க்கிறோம் என்பதையும் பகிரும் அவசரத்தில் நினைப்பதில்லை. சிலர் எண்களைக் கைப்பேசியிலேயே கறுப்பாகத் தீற்றி மறைக்கிறார்கள். அதற்கு ஹைலைட்டரைப் பயன்படுத்தினால் பயனில்லை; அதன் கோடு அரைகுறையாக ஒளி புகக்கூடியது என்பதால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினாலே அடியில் உள்ள எண்கள் தெரிந்துவிடும். மொத்த மதிப்பெண் உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புவதே நல்லது. ஆதார் நகல் கேட்கும் இடங்களில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே அதைப் பதிவிறக்கிக்கொள்ள முடியும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால் ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. பெற்றோரைக் காவலராக நிறுத்திய சட்டம், அந்தப் பெற்றோரே பிள்ளையின் விவரத்தைக் குடும்பத்தாருக்கு அனுப்பும்போது குறுக்கே வராது. அந்த இடத்தில் பிள்ளைக்கு இருப்பது நம்முடைய நிதானம் ஒன்றுதான்.

சித்தப்பா மறுநாளே பதிவை நீக்கிவிட்டார். தையல் கடைக்கென்று அக்கா தனியாக ஒரு சிம் வாங்கினார். தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ இருவர் கைப்பேசியிலும் பதிந்துவைத்தோம். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மகள், "போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள். அக்கா பதில் சொல்லாமல் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.