மைக் ஆஃப்ல இருக்கு

ஏப்ரல் 18, 2021
ப்ளஸ் டூ பப்ளிக் பரீட்சை தள்ளிப்போச்சு. மே 5 ஆரம்பிச்சிருக்கணும். ப்ராக்டிகல் மட்டும் நடக்குமாம். க்ரூப் பூரா டான்ஸ் ஸ்டிக்கர். நான் ஒண்ணும் போடல.

மே 11
நேத்துலருந்து ஃபுல் லாக்டவுன். சேலம் செவ்வாப்பேட்டைல வெள்ளி கடையே திறக்கல, அப்பா பண்ணி வச்ச கொலுசு பத்து ஜோடி பழைய வேட்டித்துணில சுத்தி பீரோவுல கெடக்கு. பட்டறை சத்தம் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கு. ஆன்லைன் க்ளாஸ்ல கெமிஸ்ட்ரி சார் வழக்கம்போல "கேக்குதாப்பா?"ன்னாரு. நாப்பது பேர், ஒருத்தரும் வாய திறக்கல. சத்தத்துக்காகத்தான் மைக்க ஆஃப்ல வச்சிருக்கேன்னு இத்தன நாளா நெனச்சேன், இன்னிக்கு சத்தமே இல்ல, அப்பவும் திறக்கல.

மே 26
தளர்வே இல்லாத ஊரடங்கு, மளிகை கடைகூட இல்ல. தம்பிக்கு பத்தாவது, பிப்ரவரிலயே ஆல்பாஸ்னு சொல்லிட்டாங்க. துரை ஃப்ரீ ஃபயர் ஆடி டேட்டாவ தீத்துட்டு, செல்போன தோசக்கல்லு மாதிரி சூடா தர்றான். அதனால நாலரைக்கு எந்திரிச்சு புக்க வச்சே படிக்கிறேன். கான்னிசரோ வினை இன்னிக்குதான் மண்டைல ஏறுச்சு. ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடு, ஆல்டால்ங்கற இன்னொரு வினை பக்கம் போக வழியில்ல, அதனால தனக்குள்ளயே பிரிஞ்சு பாதி ஆல்கஹாலா ஒடுங்குது, பாதி அமில உப்பாகுது. ரெண்டு வருஷமா மனப்பாடம் பண்ணவ நான். அம்மாவ எழுப்பி சொல்லலாமான்னு இருந்துச்சு.

ஜூன் 3
மைக்க ஆன் பண்ணி "கேக்குது சார்"ன்னேன். தொண்ட கரகரன்னுச்சு. சார் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம் "யாருப்பா அது?"

ஜூன் 5
பப்ளிக் கேன்சல்.

ஜூன் 6
அத்தை போன் பண்ணி குடுத்து வச்சவடின்னு சொல்றாங்க. நாலு நோட்டு எழுதி தீத்திருக்கேன், யாருகிட்ட காட்டறது?

ஜூன் 14
மத்த ஊர்ல டாஸ்மாக்கே திறந்தாச்சு. நம்ம சேலத்தோட சேத்து 11 மாவட்டத்துல மட்டும் திறக்கலயாம். அப்பா பீரோவ திறந்து பத்து ஜோடியையும் எண்ணி மறுபடி சுத்தி வச்சாரு. எண்ணினா கூடுமா என்ன.

ஜூன் 26
மார்க் எப்படின்னு சொல்லிட்டாங்க. பத்தாவதுல அதிகமா எடுத்த மூணு பாடத்தோட சராசரிலருந்து 50, பதினொண்ணுக்கு 20, இந்த வருஷ ப்ராக்டிகல் இன்டர்னலுக்கு 30. பத்தாவது பரீட்சை சமயம் அப்பா ஆஸ்பத்திரில, நான் வராண்டா பெஞ்சுல படுத்துட்டு காலைல நேரா எழுத போனவ. அந்த மார்க்குதான் பாதியாம். காலண்டர் பின்னாடி கணக்கு போட்டு பாத்தேன். நாலரை மணிக்கு எத்தன பர்சன்ட்டுன்னு எங்கயும் காணோம்.

ஜூலை 6
பட்டறை சத்தம் ஆரம்பிச்சிருச்சு. ஆர்டர் மூணு ஜோடிதான். சலங்கை கோக்க கூப்புடறாங்க, மிச்சத்த ராத்திரி எழுதறேன்.