சந்தா டாலரிலா, நைராவிலா?

நைஜீரியாவின் லாகோஸில் கடை நடத்துபவர் பில், ஸ்டாக், கணக்கு மூன்றையும் மாதச் சந்தா மென்பொருளில் வைத்தால் சர்வர் செலவு மிச்சம். ஆனால் வசதிகளைப் பார்க்கும் முன், விலை டாலரிலா, உள்ளூர் நாணயமான நைராவிலா என்று பாருங்கள். 2023 ஜூனுக்கு முன் டாலர் சுமார் 460 நைரா; 2024-இல் 1,500-ஐத் தாண்டியது. 20 டாலர் சந்தா 9,200-லிருந்து 30,000 நைராவுக்குப் போனது. மென்பொருளில் ஒரு பட்டன்கூடக் கூடவில்லை! போதாததற்கு, 2022-இல் பல வங்கிகள் நைரா கார்டின் வெளிநாட்டுச் செலவை மாதம் 20 டாலராகச் சுருக்கின. அப்போது இரண்டாவது சந்தா அங்கேயே நின்றுபோனது. பேஸ்டாக் என்ற ஆன்லைன் கட்டணச் சேவை வழியாக நைராவிலேயே வசூலிக்கும் மென்பொருளுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கென்யாவில் சந்தா விற்பவருக்குச் சிக்கல் வேறு. எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையின் கட்டணக் கோரிக்கை போனில் வந்ததும் வாடிக்கையாளர் பின் நம்பர் அடிக்க வேண்டும், தாமதித்தால் ரத்து. கெடுவுக்கு 3 நாள் முன்பே அனுப்புங்கள், பணம் வராவிட்டால் உடனே கணக்கைப் பூட்டாதீர்கள்.